உள்ளூர் மென்சா கிளையை நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்சா என்பது அறிவுத்திறன் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கான சங்கம். அதில் உள்ளூர்ச் செயலாளர் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களும், ஏற்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நாட்டுக்கு நாடு விதிகள் கொஞ்சம் மாறும். அந்த இடங்களில் உங்கள் தேசிய அமைப்பு சொல்வதுதான் முடிவு. மற்றவை கிளைப் பொறுப்பில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டவை.

தேசிய அமைப்பு இருக்கிறதே, உள்ளூர்க் கிளை எதற்கு?

1946இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோலண்ட் பெரில், லான்ஸலட் வேர் என்ற இருவர் மென்சாவைத் தொடங்கினார்கள். அதற்கு இன்று மூன்று நோக்கங்கள் சொல்லப்படுகின்றன. மனித குலத்தின் நன்மைக்காக அறிவுத்திறனைக் கண்டறிந்து வளர்ப்பது ஒன்று. அறிவுத்திறன் பற்றிய ஆய்வுகளை ஊக்குவிப்பது இரண்டாவது. உறுப்பினர்கள் பேசிப் பழக நல்ல சூழலை உண்டாக்கித் தருவது மூன்றாவது. முதல் இரண்டையும் தலைமை அலுவலகம் எங்கிருந்து வேண்டுமானாலும் செய்துவிடலாம். மூன்றாவதற்கு ஓர் அறை வேண்டும், சில நாற்காலிகள் வேண்டும், தேதி குறித்துக் கதவைத் திறந்துவைக்க ஓர் ஆள் வேண்டும். கிளை என்பது அதுதான்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடங்கிய சில வருடங்களிலேயே மென்சா தேய ஆரம்பித்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தியவர் விக்டர் செரெப்ரியாகோஃப். மரத்தொழிலில் வேலை பார்த்தவர், பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே விட்டவர். 1950களில் பொறுப்பை எடுத்துக்கொண்டு, ஆட்களைத் தேடிப்பிடித்து, தேர்வுகளை ஒழுங்காக நடத்தி, பல நாடுகளுக்குக் கொண்டுபோனார். அறிவாளிகள் நிறைந்த சங்கத்தையும் யாராவது உட்கார்ந்து நடத்தினால்தான் அது நடக்கும். நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது அந்த வேலை.

சேர எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? ஒருவர் 130 என்கிறார், இன்னொருவர் 148 என்கிறார்.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். பொதுமக்கள் எல்லோரும் ஒரு தேர்வை எழுதினால் அதில் மேலே வரும் 2 சதவீதத்துக்குள் நீங்கள் இருக்க வேண்டும் என்பதுதான் மென்சாவின் ஒரே நிபந்தனை. எந்த எண் அந்த 2 சதவீதத்தைக் குறிக்கும் என்பது தேர்வைப் பொறுத்தது.

அறிவுத்திறனை அளக்கும் ஐக்யூ தேர்வுகளில் சராசரி 100. ஆனால் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் தேர்வுக்குத் தேர்வு வேறு. வெக்ஸ்லர் தேர்வுகளில் அது 15. கேட்டல் (Cattell) கல்ச்சர் ஃபேர் தேர்வில் 16. கேட்டல் 3பி தேர்வில் 24. மேலே உள்ள 2 சதவீதம் தொடங்கும் இடம் சராசரிக்கு ஏறத்தாழ இரண்டு திட்ட விலக்கம் மேலே. அதனால் வெக்ஸ்லரில் 130, கல்ச்சர் ஃபேரில் 132, 3பியில் 148. மூன்றும் ஒரே இடம்தான்.

இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 148 வாங்கியவர் 130 வாங்கியவரைவிடப் பெரிய ஆள் என்ற எண்ணத்தோடு பலர் வருவார்கள். இரண்டு நிமிடக் கணக்கில் அது போய்விடும்.

இணையத்தில் ஒரு தேர்வு எழுதி 145 வாங்கினேன் என்கிறார். சேர்த்துக்கொள்ளலாமா?

முடியாது. யார் எழுதினார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், பக்கத்தில் யார் இருந்தார் என்று எதுவும் தெரியாத தேர்வு அது. மென்சாவே பயிற்சிக்காக வெளியிடும் இணையப் புதிர்களுக்கும் இதே பதில்தான். ஆனால் அப்படிக் கேட்டு வருகிறவர் ஆர்வத்தோடு வருகிறார். அதனால் "செல்லாது" என்று முடித்துவிடாமல், அடுத்த தேர்வுத் தேதியைச் சொல்லி அனுப்புங்கள்.

தகுதியுள்ள உளவியலாளர் நேரில் நடத்திய தேர்வின் அறிக்கை வைத்திருந்தால் கதை வேறு. பல நாட்டு அமைப்புகள் அதை ஏற்கும். அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டாம். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தேர்வு நாளில் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில், தேர்வை நடத்த தேசிய அமைப்பின் அனுமதி பெற்ற கண்காணிப்பாளர் வேண்டும். செயலாளர் என்பதாலேயே உங்களுக்கு அந்த உரிமை வந்துவிடாது.

முந்தின நாளே அறைக்குப் போய், தேர்வு எழுதுபவர் உட்காரும் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வடிவங்களை வைத்துக் கேட்கும் கேள்விகளில் வெளிர் சாம்பலுக்கும் அடர் சாம்பலுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விடையே இருக்கும். ஜன்னல் வெளிச்சம் தாளின் மேல் நேராக விழுந்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆடுகிற மேசையைத் தேர்வு தொடங்கிய பிறகு சரிசெய்ய முடியாது. பக்கத்து அறையில் மறுநாள் என்ன நிகழ்ச்சி என்று கட்டாயம் விசாரியுங்கள்.

தேர்வன்று அடையாள அட்டையைச் சரிபார்த்து, கைப்பேசிகளை அணைத்துப் பைக்குள் வைக்கச் சொல்லி, பைகளை ஓரமாக வையுங்கள். நாற்காலிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். கூர்மையான பென்சில்கள் ஆளுக்கு இரண்டு இருக்கட்டும். நேரம் பார்க்க உங்களிடம் இரண்டு கடிகாரங்கள் இருக்கட்டும். ஒன்று நின்றுபோனால் அந்தப் பகுதி முழுவதும் வீண். கேள்வித்தாள்களை எண்ணிக் கொடுங்கள், முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். எண்ணிக்கை சரியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும். ஒரு கேள்வித்தாள் வெளியே போய்விட்டால் அந்தத் தேர்வுக்கே மதிப்பு போய்விடும்.

அச்சிட்டிருக்கும் குறிப்புகளை அப்படியே வாசியுங்கள். நன்றாகப் புரியட்டும் என்று நல்லெண்ணத்தில் கூடுதலாக ஒரு வாக்கியம் சொன்னாலும், உங்கள் அறையில் எழுதியவருக்கு மற்ற ஊர்களில் எழுதியவருக்குக் கிடைக்காத உதவி கிடைத்துவிடுகிறது. பிறகு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. நேரம் ஓடத் தொடங்கிய பிறகு வருபவரை உள்ளே விடாதீர்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் அடுத்த தேர்வுக்குத்தான் வர முடியும்.

ஆனால் வாசிப்பு தொடங்குவதற்கு முன் இருக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. பள்ளி முடித்து முப்பது வருடம் ஆன ஒருவர், வீட்டில்கூடச் சொல்லாமல், தன்னைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வந்து உட்கார்ந்திருப்பார். பேனாவைத் திறந்து திறந்து மூடுவார். அவரிடம் போய்ப் பேசுங்கள். வழி கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்ததா, கண்ணாடி கொண்டு வந்திருக்கிறாரா, இருக்கை வசதியாக இருக்கிறதா என்று சாதாரணமாக நாலு வார்த்தை. தேர்வின் விதி எதையும் அது மீறாது. அவர் தேறினாலும் தேறாவிட்டாலும் மென்சாவின் முகமாக அவருக்கு நினைவிருக்கப் போவது நீங்கள்தான்.

தேறாதவர்களிடம் என்ன சொல்வது?

முடிவுக் கடிதம் தலைமை அலுவலகத்திலிருந்து போகும். ஆனால் வருத்தம் உங்களிடம்தான் வரும், ஏனென்றால் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

நூறு பேரில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று வைத்திருக்கும் வாசலில் நிறையப் பேர் திரும்பிப் போவார்கள். அதில் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றவரும் இருப்பார். எந்த ஐக்யூ தேர்வுக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. அதே ஆள் வேறொரு நாளில் எழுதினால் சில புள்ளிகள் கூடலாம், குறையலாம். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவரையும் சற்றுக் கீழே இருப்பவரையும் உண்மையில் பிரித்துச் சொல்ல எந்தத் தேர்வாலும் முடியாது. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும், அதனால் போட்டிருக்கிறார்கள். இதை மழுப்பாமல் சொல்லுங்கள்.

கேட்க மனமிருந்தால் டெர்மன் கதையையும் சொல்லலாம். அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாவில் மிக உயர்ந்த ஐக்யூ கொண்ட சுமார் 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர வளரப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். தேர்வெழுதி மதிப்பெண் போதாமல் விடப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்ற இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். இரண்டு பேருமே பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கினார்கள், ஷாக்லி 1956இல், ஆல்வரெஸ் 1968இல். தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகளில் நோபல் வாங்கியவர் யாரும் இல்லை. சமாதானத்துக்காகச் சொல்லும் கதையாக இதைச் சொல்லாதீர்கள். தேர்வு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மறுபடி எழுதலாமா, எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு உங்கள் நாட்டு விதியைப் பார்த்துச் சொல்லுங்கள். பயிற்சி தருகிறேன் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். விருந்தினர்களும் வரக்கூடிய கூட்டம் இருந்தால் அதற்கு அழையுங்கள். வர மாட்டார் என்று நினைப்போம். சிலர் வருகிறார்கள், நல்ல நண்பர்களாகவும் ஆகிவிடுகிறார்கள்.

ஒரு கூட்டத்துக்கு எத்தனை பேரை எதிர்பார்க்கலாம்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் 20,000 பேருக்குத் தகுதி இருக்கும். ஆனால் உலகம் முழுவதுமே மென்சாவின் உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர்தான். தகுதி உள்ளவர்களில் ஆயிரம் பேருக்கு ஒருவர் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இதழை வாசிப்பார்கள், சந்தா கட்டுவார்கள், கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அது அவர்கள் விருப்பம். வராதவர்களை நினைத்து வருந்துவதில் நேரத்தைச் செலவழிக்காமல் வருகிற எட்டுப் பேரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒரு முறை கூடுவது? எங்கே?

மாதம் ஒரு முறை. நாள் மாறக் கூடாது. இரண்டாவது சனிக்கிழமை என்றால் எப்போதும் இரண்டாவது சனிக்கிழமைதான், அதே இடம், அதே நேரம். எல்லோருக்கும் வசதியான நாளை ஓட்டெடுப்பு வைத்துத் தேடத் தொடங்கினால் அதிலேயே மூன்று மாதம் போய்விடும். நான் பார்த்த வரை அப்படித் தேடிய கிளைகள் கூடுவதையே விட்டுவிட்டன. இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்று தெரிந்தாலும் ரத்து செய்யாதீர்கள். ஒரு வருடம் யோசித்துவிட்டு ஒருவர் முதன்முதலாகக் கிளம்பி வரும் நாள் அதுவாக இருக்கலாம். அன்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அவர் இரண்டாம் முறை வருவது கடினம்.

இடம் சத்தமில்லாததாக இருக்கட்டும். பேருந்தில் வந்து போக முடிய வேண்டும், சக்கர நாற்காலி உள்ளே வர வேண்டும், கையில் பணம் குறைவாக இருப்பவரும் கூச்சமில்லாமல் உட்கார முடிய வேண்டும். யாராவது ஒருவர் வீட்டில் நிரந்தரமாகக் கூடுவதை நான் ஆதரிப்பதில்லை. அந்த வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் என்றால் கிளையோடே மனஸ்தாபம் என்றாகிவிடும்.

கூட்டத்தில் என்ன செய்வது? புதிர் போட்டியா?

புதிர் போட்டி வருடத்தில் ஓரிரு முறை போதும். சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஒரு தேர்வு எழுதித்தான் வந்திருக்கிறார்கள். மாதாமாதம் இன்னொன்று வைத்தால் சிலருக்குக் கொண்டாட்டம், பலருக்குக் களைப்பு.

நன்றாக ஓடுவது பலகை விளையாட்டு. பேச்சு வராதவருக்கும் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. அமெரிக்க மென்சா 1990 முதல் இதற்கென்றே ஒரு வருடாந்திரக் கூட்டம் நடத்துகிறது. உறுப்பினர்கள் வார இறுதி முழுவதும் புதிதாக வந்த விளையாட்டுகளை ஆடிப் பார்த்துச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்ததாக, உறுப்பினர் ஒருவரே தன் தொழிலைப் பற்றிப் பேசுவது. பாலம் கட்டுபவர், பல் மருத்துவர், பேருந்து ஓட்டுநர், நூலகர், யாராக இருந்தாலும் இருபது நிமிடம் பேச்சு, ஒரு மணி நேரம் கேள்வி. கேள்விகள் வந்துகொண்டே இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அப்புறம் நடைப்பயணம், சேர்ந்து சாப்பிடப் போவது, அருங்காட்சியகம். சதுரங்கம், வானியல், சமையல் என்று தனி விருப்பம் உள்ளவர்களுக்கு மென்சாவில் சிறப்பு ஆர்வக் குழுக்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை ஒவ்வொரு புதியவரிடமும் காட்டுங்கள்.

புதிதாக வருபவரை எப்படி வரவேற்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

முதல் முறை வருபவர் எப்படி வருவார் என்று சொல்கிறேன். பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவார், ஆனால் உள்ளே வர மாட்டார். வெளியே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, போன மாதம் விட்ட விவாதத்தைத் தொடர்ந்துகொண்டிருப்பார்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். "அதான் போன தடவையே சொன்னேனே" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். இவருக்கு ஒன்றும் புரியாது. ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்காருவார். நாற்பது நிமிடம் கழித்து "அவசர வேலை" என்று கிளம்பிவிடுவார். வட்டத்தில் இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர் வந்ததையே பாதிப் பேர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பலருக்கு மென்சாவில் சேர்வதே ஒரு நீண்ட காத்திருப்பின் முடிவு. வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டு அலுப்பூட்டியவர் என்று பெயர் வாங்கியிருப்பார். வேலையிடத்தில் தன் வேகத்தை மறைத்துப் பழகியிருப்பார். இங்கேயாவது என்னைப் போல நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்து வருகிறார். இங்கேயும் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனால், அந்த ஏமாற்றம் மற்ற இடங்களில் பட்டதைவிட அதிகம்.

அதனால் வாசலுக்கு ஓர் ஆளைப் போடுங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் ஆள் மாறலாம், ஆனால் அன்றைக்கு யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். அவர் வேலை வெளியே நிற்பவரைப் பார்த்து "மென்சா கூட்டத்துக்கா? வாங்க, நானும் அதுக்குத்தான்" என்று உள்ளே கூட்டி வருவது. பெயரைக் கேட்டு, ஒருவரிடம் மட்டும் அறிமுகப்படுத்தி, பக்கத்தில் உட்காரவைப்பது. மொத்தக் கூட்டத்துக்கும் முன்னால் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்வது வேண்டவே வேண்டாம். உள்கதை ஏதாவது வந்தால் அருகில் இருப்பவர் தாழ்ந்த குரலில் விளக்கிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள்: "வந்ததற்கு நன்றி, அடுத்தது இந்தத் தேதி." இவ்வளவும் சேர்ந்து அரை மணி நேர வேலை. இதை ஒழுங்காகச் செய்த கிளைகள் வளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால்?

பெரும்பாலும் அவருக்கு அது தெரியாது. தனக்குப் பிடித்த விஷயத்தை முழுதாகக் கேட்கும் ஆட்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் வைத்து வெட்டாதீர்கள். முடிந்ததும் தனியாக, நேரடியாகச் சொல்லுங்கள். ஜாடை வேலை செய்யாது. "அடுத்த தடவை உங்களுக்கு முழு இருபது நிமிடம் தருகிறேன், தயார் செய்து வாருங்கள். மற்ற நேரத்தில் மற்றவர்களைக் கேட்போம்" என்றால் பலருக்கும் புரியும். தொடர்ந்தால் சின்னச் சின்ன மேசைகளாகப் பிரித்து உட்காரவையுங்கள்.

ஒருவரிடம் மதிப்பெண் என்ன என்று கேட்கலாமா?

கூடாது. நீங்களும் சொல்லாதீர்கள். உள்ளே வந்த எல்லோரும் ஒரே கதவு வழியாக வந்தவர்கள். கோப்பில் யாருடைய மதிப்பெண்ணாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் அது உங்களோடு இருக்கட்டும்.

அரசியல், மதம் பேசலாமா?

உறுப்பினர்கள் பேசலாம். மென்சா பேசாது. அமைப்பு என்ற முறையில் மென்சாவுக்கு எந்தக் கருத்தும் கிடையாது, எந்த அரசியல், மதச் சார்பும் கிடையாது என்று அதன் அமைப்பு விதியிலேயே இருக்கிறது. அதனால் கிளையின் பெயரில் அறிக்கை, ஆதரவு, கண்டனம் எதுவும் வெளியே போகக் கூடாது. பத்திரிகையாளர் கருத்துக் கேட்டாலும், உங்கள் சொந்தக் கருத்து என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். செயலாளராக இருக்கும்வரை பேசாமலிருப்பது இன்னும் நல்லது. உள்ளே நடக்கும் விவாதம் சூடாகலாம், ஆனால் ஆளைத் தொட ஆரம்பித்ததும் நிறுத்துங்கள்.

அத்துமீறல் பற்றிப் புகார் வந்தால்?

கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், அன்றே தேசிய அமைப்புக்குத் தெரிவியுங்கள். "அவர் சுபாவமே அப்படித்தான், மனசில் ஒன்றும் இல்லை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். புத்திசாலிகள் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் நடந்துகொள்வார்கள் என்ற சாக்கில் சில கிளைகள் சகிக்கக் கூடாததைச் சகித்துக்கொள்கின்றன. அப்போது சத்தமில்லாமல் விலகிப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சட்டத்துக்குப் போக வேண்டிய விஷயம் என்றால் சட்டத்துக்கே போகட்டும், சங்கத்துக்குள் மூடிவைக்க முயலாதீர்கள். உறுப்பினர்களுக்கிடையிலான மற்றத் தகராறுகளைக் கேட்க மென்சாவில் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டு பக்கமும் உங்கள் நண்பர்கள் என்றால் நீங்கள் தீர்ப்புச் சொல்ல முயலாமல் அவரிடம் அனுப்புங்கள்.

அமெரிக்கக் கூட்டங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெயர் அட்டையில் வண்ணப் பொட்டு ஒட்டிக்கொள்வார்கள். பச்சை என்றால் கட்டியணைத்து வரவேற்கலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டு, சிவப்பு என்றால் வேண்டாம். முகக்குறிப்பைப் படிக்கச் சிரமப்படுபவருக்கும், வாய்விட்டு மறுக்கக் கூசுபவருக்கும் ஒரே நேரத்தில் உதவி.

குழந்தைகளைச் சேர்க்கலாமா?

தேர்வெழுதக் குறைந்தபட்ச வயது நாட்டுக்கு நாடு மாறும். அதைவிட முக்கியமான கேள்வி பெற்றோர் எதற்காக அழைத்து வருகிறார்கள் என்பது. தொலைபேசியில் அதை மென்மையாகக் கேளுங்கள். "பள்ளியில் ஒத்துப்போகவில்லை, வயதொத்தவர்களோடு பேச ஒன்றும் இல்லை" என்றால் கிளையால் உதவ முடியும். "சான்றிதழ் இருந்தால் விண்ணப்பத்தில் போடலாம்" என்றால், அந்தக் குழந்தைக்கு இதில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃப்ரட் பினே 1905இல் பாரிஸில் தியோடர் சிமோனோடு சேர்ந்து முதல் அறிவுத்திறன் தேர்வை உருவாக்கியது பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிக்கத்தான். மேல்முனையில் இருக்கும் குழந்தைக்கும் உதவி தேவைப்படுவது உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனைப் போல யோசிக்கும் ஏழு வயதுக் குழந்தை, விளையாட்டில் தோற்றால் ஏழு வயதுக் குழந்தையாகத்தான் அழும். இந்த ஏற்றத்தாழ்வைப் பெரியவர்கள் புரிந்துகொள்ளாமல், "இவ்வளவு தெரிகிறது, இது தெரியாதா" என்று கேட்பதுதான் அந்தக் குழந்தைகள் அதிகம் கேட்கும் வாக்கியம். உங்கள் கூட்டத்தில் அது காதில் விழக் கூடாது.

குழந்தைகளுக்கான கூட்டத்தைத் தனியாக, பகலில் நடத்துங்கள். பெற்றோர் கூடவே இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் பெற்றோர் இல்லாத குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, விதிவிலக்கே கிடையாது. குழந்தைகளுக்குள் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதைக் குறையுங்கள். பொருள்களைப் பிரித்துச் சேர்ப்பது, கதை எழுதுவது, பூச்சிகளைப் பார்ப்பது போன்றவற்றைக் கூட்டுங்கள். பெற்றோர் மற்றோர் அறையில் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். அவர்களுக்கும் அது வேறெங்கும் கிடைக்காது.

பணம்?

சந்தா தேசிய அமைப்புக்குப் போகும். சில நாடுகளில் அதில் ஒரு பகுதி கிளைக்குத் திரும்பி வரும். கிளைக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, வருடம் ஒரு முறை எல்லோருக்கும் கணக்கு. சொந்தக் கையிலிருந்து போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, நேரில் கூட வேண்டுமா?

வேண்டும். குழுவில் சுறுசுறுப்பாக இருக்கும் ஐந்து பேர் தினமும் நூறு செய்தி போடுவார்கள். மற்றவர்கள் ஒலியை அடைத்துவிடுவார்கள். கூட்ட அறிவிப்பும் அந்த நூறோடு போய்விடும். அறிவிப்புக்கென்று, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அரட்டைக்கு வேறு குழு. உடல்நிலை காரணமாக வெளியே வர முடியாதவர்களுக்காக மாதம் ஒரு காணொளிக் கூட்டம் நல்லது, ஆனால் அது நேரில் கூடும் கூட்டத்தோடு கூடுதலாக நடக்கட்டும்.

வெளியூர் உறுப்பினர் ஒருவர் நம் ஊருக்கு வருகிறார். என்ன செய்ய வேண்டும்?

பயணம் செய்யும் உறுப்பினர்களுக்குத் தகவலும் வழிகாட்டலும் தர மென்சாவில் சைட் (SIGHT) என்ற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கிளையில் அதற்கு ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். வருபவரைக் கூட்டத்துக்கு அழைத்தால் போதும். தங்க இடம் தருவது அவரவர் விருப்பம்.

'நாங்கள்தான் புத்திசாலிகள்' என்று கூடுவது அகந்தை இல்லையா என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வாதாட வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். உயரமானவர்கள் கால் நீட்ட வசதியான இருக்கை தேடுவதை யாரும் அகந்தை என்று சொல்வதில்லை. கேட்பவரின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. கிளையில் யாராவது வெளியாட்களைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் அந்தச் சந்தேகத்தை நாமே உறுதிப்படுத்துகிறோம். இந்த விஷயத்தில் உறுப்பினர்களிடம் கண்டிப்பாக இருங்கள்.

மென்சாவைவிடக் கடினமான சங்கங்கள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. 1966இல் தொடங்கிய இன்டர்டெல் மேலே உள்ள 1 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 1978இல் தொடங்கிய டிரிபிள் நைன் சொசைட்டி ஆயிரத்தில் ஒருவரை. கோடு மேலே போகப் போக ஆட்கள் குறைவார்கள், ஒரே ஊரில் நாலு பேர் கிடைப்பது கடினம். மாதாமாதம் நேரில் கூட மென்சாதான் வசதி.

செயலாளராக எவ்வளவு காலம் இருக்கலாம்?

உங்கள் விதி அனுமதித்தாலும் மூன்று நான்கு வருடத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. பொறுப்பேற்ற முதல் வருடத்திலேயே அடுத்தவரைத் தேட ஆரம்பியுங்கள். நன்றாகப் பேசுபவரைத் தேடாதீர்கள். சொன்ன நேரத்துக்கு வருபவரை, கூட்டம் முடிந்ததும் கேட்காமலே நாற்காலியை அடுக்குபவரைக் கவனியுங்கள். "செயலாளர் ஆகிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் ஓடிவிடுவார். ஒரு நிகழ்ச்சியை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு இன்னொன்று. வங்கிக் கணக்கு, கடவுச்சொற்கள், இடத்துக்காரரின் எண், சாவி யாரிடம் என்ற விவரம் எல்லாம் ஒரே தாளில் எழுதி இருக்கட்டும்.

எங்கள் கிளை ஒரு வருடமாகக் கூடவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

தலைமை அலுவலகத்திடம் உங்கள் பகுதி உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். தனியுரிமை விதி காரணமாகத் தர மறுத்தால், உங்கள் கடிதத்தை அவர்களே அனுப்பும்படி கேளுங்கள். கடிதத்தில் கிளை ஏன் நின்றது என்ற கதை வேண்டாம். இடம், தேதி, நேரம், அடுத்த மூன்று மாதத் தேதிகள், உங்கள் எண், இவ்வளவு போதும். கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் நாள் யாருமே வராவிட்டாலும் நீங்கள் இரண்டு பேர் இருப்பீர்கள். ஒரு பலகை விளையாட்டை எடுத்துப் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி மேசையில் மென்சா என்று எழுதிய அட்டையை நிறுத்திவையுங்கள், அறிவித்த நேரம் முடியும்வரை கிளம்பாதீர்கள். மூன்று மாதம் இப்படிச் செய்த பிறகு, தேர்வுக்கு ஒரு தேதி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.